நரம்பு அகச்சுரப்பிக் கட்டிகளின் பெட் படத்தில் சோமடோஸ்டாடின் மருத்துவத்தின் தாக்கம்

நரம்பு அகச்சுரப்பிக் கட்டிகளின் பெட் படத்தில் சோமடோஸ்டாடின் மருத்துவத்தின் தாக்கம் என்பது, சோமடோஸ்டாடின் என்ற இயக்குநீரை (ஹார்மோனை) ஒத்த மருந்துகளைப் பெற்றுவரும் நோயாளியின் பெட் படத்தில் காணப்படும் மாறுதல்களையும், அம்மாறுதல்களைக் கருத்தில் கொண்டு படத்தை வாசிக்கும் முறையையும் குறிக்கும். இம்மருந்தும், படம் எடுக்கப் பயன்படும் கதிரியக்க மருந்தும் உயிரணுவின் ஒரே ஏற்பியையே பற்றுகின்றன. ஆகவே மருந்து கட்டியைப் படத்திலிருந்து மறைத்துவிடும் என்று நெடுங்காலம் அஞ்சப்பட்டது. பிற்கால ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. நெடுநேரம் செயல்படும் மருந்தால் கட்டியின் ஒளிர்வு பெரும்பாலும் குறைவதில்லை. கல்லீரல், மண்ணீரல் ஆகிய இயல்பான உறுப்புகளின் ஒளிர்வே குறைகிறது. கட்டியை மதிப்பிட இவ்வுறுப்புகளே அளவுகோலாகப் பயன்படுவதால், அளவுகோல் மாறியதை அறியாமல் படத்தை வாசிப்பவர் நோய் முற்றியதாகவோ தணிந்ததாகவோ தவறாக முடிவு செய்யக்கூடும்.

நரம்பு அகச்சுரப்பிக் கட்டிகள்

உடலெங்கும் பரவிக் கிடக்கும் நரம்பு அகச்சுரப்பி உயிரணுக்களில் தோன்றும் கட்டிகள் நரம்பு அகச்சுரப்பிக் கட்டிகள் எனப்படுகின்றன. மருத்துவர்கள் இவற்றை நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் என்றே வழங்குவர். சிறுகுடல், கணையம், நுரையீரல், இரைப்பை, மலக்குடல் ஆகியவற்றில் இவை மிகுதியாகக் காணப்படுகின்றன. செருமானிய நோயியல் அறிஞர் சீக்பிரீட் ஓபர்ன்டார்பர் 1907ஆம் ஆண்டு இவற்றுள் ஒரு வகைக்குக் கார்சினாய்டு, அதாவது புற்றுநோய் போன்றது, என்று பெயரிட்டார்.

இவற்றுள் பல மெதுவாக வளர்பவை. சில கட்டிகள் செரடோனின் முதலிய பொருட்களை மிகையாகச் சுரப்பதால் முகம் சிவந்து சூடேறுதல், அடிக்கடி வயிற்றுப்போக்கு, இழைப்பு ஆகிய அறிகுறிகள் தோன்றுகின்றன. இத்தொகுதி கார்சினாய்டு நோய்க்குறித் தொகுப்பு எனப்படும். நோய் கண்டறியப்படும்போது பலருக்குக் கட்டி ஏற்கனவே கல்லீரலுக்குப் பரவியிருக்கும்.

ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் ஜாப்சுக்குக் கணையத்தில் ஏற்பட்டது இவ்வகைக் கட்டியே. அவர் 2011ஆம் ஆண்டு காலமானார். இந்தித் திரைப்பட நடிகர் இர்பான் கான் தமக்கு நரம்பு அகச்சுரப்பிக் கட்டி இருப்பதை 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளிப்படையாக அறிவித்தார். அவர் 2020 ஏப்ரல் 29 அன்று மும்பையில் காலமானார். அவருடைய அறிவிப்புக்குப் பின்னரே இந்நோயின் பெயர் இந்தியாவில் பரவலாக அறியப்பட்டது.

சோமடோஸ்டாடினும் அதை ஒத்த மருந்துகளும்

சோமடோஸ்டாடின் 14 அமினோ அமிலங்களைக் கொண்ட ஓர் இயக்குநீர் ஆகும். 1973ஆம் ஆண்டு ரோஜர் கீமனின் ஆய்வுக் குழுவினர் இதை மூளையின் ஐப்போதலாமசுப் பகுதியிலிருந்து பிரித்தெடுத்தனர். கீமன் 1977ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசை ஆண்ட்ரூ சாலி, ரோசலின் யாலோ ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். வளர்ச்சி இயக்குநீர், இன்சுலின், குளுக்கோகான் முதலிய பல சுரப்புகளைச் சோமடோஸ்டாடின் தடுக்கிறது.

இயற்கைச் சோமடோஸ்டாடின் இரத்தத்தில் சில நிமிடங்களிலேயே சிதைந்துவிடுவதால் நெடுநாள் சிகிச்சைக்கு ஏற்றதன்று. அதன் செயல்படும் பகுதியை மட்டும் தக்கவைத்து, எளிதில் சிதையாத சிறு மூலக்கூறுகள் உருவாக்கப்பட்டன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு:

* ஆக்ட்ரியோடைடு - 8 அமினோ அமிலங்களைக் கொண்டது. 1988ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தோலுக்கடியில் நாளொன்றுக்குப் பலமுறை போடப்படும் குறுகிய நேர வடிவமும், 28 நாட்களுக்கு ஒருமுறை பிட்டத் தசையில் போடப்படும் நெடுநேர வடிவமும் உள்ளன.
* லான்ரியோடைடு - இதன் நெடுநேர வடிவம் 28 நாட்களுக்கு ஒருமுறை தோலுக்கடியில் ஆழமாகப் போடப்படுகிறது.

சோமடோஸ்டாடின் ஏற்பிகள் ஐந்து வகைப்படும். மேற்கண்ட மருந்துகள் இரண்டாம் வகை ஏற்பியை மிக வலுவாகப் பற்றுகின்றன. நன்கு வேறுபாடடைந்த நரம்பு அகச்சுரப்பிக் கட்டிகளில் இவ்வகை ஏற்பியே மிகுதியாக உள்ளது. எனவே இம்மருந்துகள் முதலில் அறிகுறிகளைத் தணிக்கவும், பின்னர்க் கட்டியின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தவும் பயன்பட்டன. 2009ஆம் ஆண்டு வெளியான புரோமிட் ஆய்வில், ஆக்ட்ரியோடைடு பெற்றவர்களுக்கு நோய் முன்னேற எடுத்துக்கொண்ட இடைநிலைக் காலம் 14.3 மாதங்களாகவும், மருந்தற்ற ஊசி பெற்றவர்களுக்கு 6 மாதங்களாகவும் இருந்தது. 2014ஆம் ஆண்டு வெளியான கிளாரினெட் ஆய்வு லான்ரியோடைடின் பயனை உறுதி செய்தது.

மார்பகப் புற்றுநோய், முன்னிற்கும் சுரப்பிப் புற்றுநோய் ஆகியவற்றுக்குத் தரப்படும் இயக்குநீர் மருத்துவம் வேறு. இங்குக் கூறப்படுவது வேறு. அங்கே கட்டியை வளர்க்கும் இயக்குநீர் தடுக்கப்படுகிறது. இங்கே கட்டியை அடக்கும் இயக்குநீரின் போலி தரப்படுகிறது.

பெட் படம் எடுக்கப்படும் முறை

பொசிட்ரான் எனும் நேர்மின் துகளை உமிழும் அணுவை ஒரு மூலக்கூறுடன் பிணைத்து சிரை வழியாகச் செலுத்தி, அது உடலில் எங்கே சேர்கிறது எனப் படமாக்குவதே பெட் முறையாகும். உமிழப்பட்ட பொசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானுடன் மோதி இரண்டும் அழியும்போது, எதிரெதிர்த் திசைகளில் தலா 511 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுடைய இரு காமாக் கதிர்கள் வெளிப்படுகின்றன. கருவியின் வளையம் அவற்றை ஒரே சமயத்தில் உணர்ந்து, அவை புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகிறது. உடன் எடுக்கப்படும் சிடி படம் அவ்விடம் எந்த உறுப்பு என்பதைக் காட்டுகிறது.

இக்கட்டிகளுக்குப் பெரிதும் பயன்படுவது கேலியம்-68 டோட்டாடேட் ஆகும். இதில் ஆக்ட்ரியோடைடின் நெருங்கிய உறவான ஒரு புரதத்துண்டு, டோட்டா எனும் கவ்வி மூலக்கூறின் வழியாகக் கேலியம்-68 அணுவுடன் இணைக்கப்பட்டுள்ளது. கேலியம்-68இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 68 நிமிடங்கள். 271 நாள் அரைவாழ்வுடைய செருமேனியம்-68 அடங்கிய சிறு பெட்டியிலிருந்து இதனை மருத்துவமனையிலேயே கறந்து கொள்ளலாம். அருகில் சைக்ளோட்ரான் தேவையில்லை. ஊசி போட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் பின் படம் எடுக்கப்படுகிறது.

நோயற்றவரின் படத்திலும் சில உறுப்புகள் ஒளிரும். மண்ணீரல் மிகுந்த ஒளியுடன் தெரியும். சிறுநீரகங்கள், அண்ணீரகச் சுரப்பிகள், கபச் சுரப்பி, கல்லீரல் ஆகியனவும் ஒளிரும். மருந்து வெளியேறும் வழியாதலால் சிறுநீர்ப்பையும் தெரியும்.

ஒரே ஏற்பிக்கு இரண்டு மருந்துகள்

சிகிச்சை மருந்தும் படத்துக்கான மருந்தும் ஒரே பூட்டுக்கான இரு சாவிகள் போன்றவை. சிகிச்சை மருந்து மில்லிகிராம் அளவில் தரப்படுகிறது. படத்துக்கான புரதத்துண்டு மைக்ரோகிராம் அளவிலேயே செலுத்தப்படுகிறது. பூட்டுகள் அனைத்தையும் சிகிச்சை மருந்து முன்னரே அடைத்திருந்தால் கதிரியக்க மருந்துக்கு இடமிராது. கட்டி இருந்தும் படத்தில் தெரியாது என்பதே தொடக்கக் கால அச்சம்.

இதன் அடிப்படையில், படத்துக்கு முன் குறுகிய நேர ஆக்ட்ரியோடைடை ஒரு நாளும், நெடுநேர வடிவத்தை மூன்று முதல் நான்கு வாரங்களும் நிறுத்த வேண்டும் என்ற வழக்கம் ஏற்பட்டது. அறிகுறிகள் உள்ள நோயாளிக்கு இது எளிதன்று. நிறுத்திய காலத்தில் வயிற்றுப்போக்கும் முகம் சிவத்தலும் திரும்பலாம். இரத்த அழுத்தம் திடீரென மாறும் கார்சினாய்டு நெருக்கடி என்ற ஆபத்தான நிலையும் அரிதாக ஏற்படலாம். எனவே நிறுத்துவது உண்மையிலேயே தேவையா என்ற கேள்வி எழுந்தது.

ஆய்வு முடிவுகள்

செருமனியில் நடைபெற்று 2011ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு 105 நோயாளிகளின் கேலியம்-68 டோட்டாடேட் படங்களை ஒப்பிட்டது. அவர்களுள் 35 பேர் நெடுநேர ஆக்ட்ரியோடைடு பெற்றுவந்தவர்கள். மருந்து பெற்றவர்களின் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கதிரியக்க மருந்தின் உள்ளீர்ப்பு குறைவாக இருந்தது. கட்டிகளின் உள்ளீர்ப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

வெவ்வேறு நோயாளிகளை ஒப்பிடும்போது கட்டிகளே வேறுபட்டிருக்கலாம். இக்குறையைக் களைய, ஒரே நோயாளியை மருந்துக்கு முன்னும் பின்னும் படமெடுக்கும் ஆய்வுகள் தொடர்ந்தன. நெதர்லாந்தில் நடைபெற்று 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், லான்ரியோடைடு ஊசிக்கு முந்தைய நாளும் அடுத்த நாளும் படம் எடுக்கப்பட்டது. ஊசிக்குப் பின்னரும் கட்டியின் உள்ளீர்ப்பு குறையவில்லை. கட்டிக்கும் கல்லீரலுக்கும் இடையிலான விகிதம் உயர்ந்தது. அதாவது மருந்து கட்டியை மறைக்கவில்லை. சுற்றுப்புறத்தை மங்கச் செய்து கட்டியை மேலும் தெளிவாக்கியது.

இம்முடிவுகள் சராசரியைக் கூறுவன. தனித்தனி நோயாளிகளிடமும், ஒரே நோயாளியின் தனித்தனிக் கட்டிகளிடமும் வேறுபாடு காணப்படலாம்.

காரணம்

இதற்குப் பின்வரும் விளக்கங்கள் கூறப்படுகின்றன:

* கட்டியின் உயிரணுக்களில் ஏற்பிகள் மிக அதிகம். ஒரு பகுதி அடைபட்டாலும் எஞ்சியவை போதுமானவையாக உள்ளன. இயல்பான உறுப்புகளில் ஏற்பிகள் குறைவாதலால் அவை விரைவில் நிறைந்துவிடுகின்றன.
* மருந்து பற்றிய ஏற்பி உயிரணுவின் உள்ளே இழுக்கப்படுகிறது. பின்னர் மேற்பரப்புக்கு மீள்கிறது. கட்டிகளில் இச்சுழற்சி தொடர்வதால் புதிய ஏற்பிகள் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன.
* இயல்பான உறுப்புகள் குறைவாக எடுத்துக்கொள்வதால், கட்டிக்குக் கிடைக்கும் கதிரியக்க மருந்தின் பங்கு கூடுகிறது.

படத்தை வாசிப்பதில் ஏற்படும் விளைவுகள்

பெட் படத்தில் உள்ளீர்ப்பை எண்ணால் குறிக்க எஸ்.யு.வி. என்ற அளவு பயன்படுகிறது. ஓரிடத்திலுள்ள கதிரியக்கச் செறிவை, செலுத்திய மொத்த அளவை உடல் எடையால் வகுத்துக் கிடைக்கும் மதிப்புடன் ஒப்பிட்டு இது பெறப்படுகிறது. மருந்து உடலெங்கும் சமமாகப் பரவினால் எங்கும் இம்மதிப்பு சுமார் 1 ஆக இருக்கும்.

கண்ணால் மதிப்பிடுவதற்குக் கிரென்னிங் அளவுகோல் பயன்படுகிறது. நெதர்லாந்து மருத்துவர் எரிக் கிரென்னிங்கின் பெயரால் வழங்கும் இது, பெட் முறைக்கு முற்பட்ட இண்டியம்-111 படங்களுக்காக உருவானது. அதன் படிநிலைகள்:

* 0 - உள்ளீர்ப்பு இல்லை
* 1 - கல்லீரலை விட மிகக் குறைவு
* 2 - கல்லீரலை விடச் சற்றுக் குறைவு அல்லது சமம்
* 3 - கல்லீரலை விட அதிகம்
* 4 - மண்ணீரலை விட அதிகம்

இவ்வளவுகோலில் கட்டி தனித்து அளக்கப்படுவதில்லை. கல்லீரலோடும் மண்ணீரலோடும் ஒப்பிடப்படுகிறது. ஒப்பிடப்படும் உறுப்பே மருந்தால் மாறும்போது, கட்டி மாறாமலேயே படிநிலை மாறிவிடும். விளக்கத்துக்காக அமைத்த பின்வரும் கற்பனை எண்கள் இதைக் காட்டும்:

* மருந்துக்கு முன்: கல்லீரல் 7, மண்ணீரல் 24, முதற்கட்டி 6, இரண்டாம் கட்டி 20. முதற்கட்டியின் படிநிலை 2. இரண்டாம் கட்டியின் படிநிலை 3.
* மருந்துக்குப் பின்: கல்லீரல் 5, மண்ணீரல் 17, முதற்கட்டி 6, இரண்டாம் கட்டி 20. முதற்கட்டியின் படிநிலை 3. இரண்டாம் கட்டியின் படிநிலை 4.

இரு கட்டிகளும் சிறிதும் மாறவில்லை. ஆயினும் இரண்டும் ஒரு படி ஏறியுள்ளன. இதனால் நடைமுறையில் மூன்று வகைப் பிழைகள் நேரலாம்.

போலி முன்னேற்றம்: மருந்துக்கு முன் எடுத்த படத்தையும், மருந்து தொடங்கிய பின் எடுத்த படத்தையும் ஒப்பிடும்போது, கல்லீரலின் ஒளியில் முன்பு கரைந்திருந்த சிறு கட்டிகள் இப்போது தனித்துத் தெரியலாம். அவை புதிய கட்டிகள் அல்ல, முன்பே இருந்தவை. நோய் பரவுகிறது என்று கருதிப் பயன்தரும் மருந்தை மாற்றிவிடும் வாய்ப்பு இங்குள்ளது.

போலித் தணிவு: மருந்தை நிறுத்திய பின் எடுக்கும் படத்தில் கல்லீரல் மீண்டும் ஒளிர்வு பெறும். அதனருகே கட்டிகள் மங்கியது போலவோ மறைந்தது போலவோ தோன்றலாம்.

தகுதி மதிப்பீடு: லுட்டேசியம் சிகிச்சைக்குப் பொதுவாகப் படிநிலை 3 அல்லது அதற்கு மேல் எதிர்பார்க்கப்படுகிறது. எல்லையில் நிற்கும் கட்டி, கல்லீரல் மங்கியதால் மட்டுமே தகுதி பெற்றதாகத் தோன்றக்கூடும்.

ஐயம் எழும்போது, கட்டியின் எஸ்.யு.வி. மதிப்பைக் கல்லீரலோடு ஒப்பிடாமல் முந்தைய மதிப்போடு நேரடியாக ஒப்பிடுவதும், சிடி அல்லது எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் பருமன் மாறியுள்ளதா எனக் காண்பதும் உதவும். மண்ணீரலும் கல்லீரலும் முந்தைய படத்தைவிட மங்கியிருப்பது, இடையில் மருந்து தொடங்கப்பட்டதற்கான குறிப்பாகவும் அமையலாம்.

மருந்தை நிறுத்த வேண்டுமா?

கேலியம்-68 டோட்டாடேட்டுக்கு 2016ஆம் ஆண்டு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தபோது அதன் குறிப்பேடு, குறுகிய நேர ஆக்ட்ரியோடைடை 24 மணி நேரம் நிறுத்துமாறும், நெடுநேர ஊசி பெறுபவருக்கு அடுத்த ஊசிக்குச் சற்று முன்னர்ப் படம் எடுக்குமாறும் கூறியது. மாதச் சுழற்சியின் இறுதியில் இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்திருக்கும் என்பதே காரணம். இம்முறையில் ஓர் ஊசியைக்கூடத் தவறவிட வேண்டியதில்லை.

மேற்கண்ட ஆய்வுகளுக்குப் பின், நோயைக் கண்டறிவதற்கான படத்துக்காக நெடுநேர மருந்தை வாரக்கணக்கில் நிறுத்தும் தேவை வலுவிழந்தது. நிறுத்துவதைவிட முக்கியமானது சீர்மை. தொடர்ச்சியாக எடுக்கப்படும் படங்கள் அனைத்தும் ஊசிக்குப் பின் ஏறத்தாழ அதே இடைவெளியிலும், அதே கதிரியக்க மருந்தாலும், இயன்றால் அதே கருவியிலும் எடுக்கப்பட வேண்டும். நிறுத்துவதா தொடர்வதா என்பது சிகிச்சையளிக்கும் மருத்துவரே எடுக்க வேண்டிய முடிவாகும்.

லுட்டேசியம்-177 சிகிச்சையின்போது

அதே புரதத்துண்டில் கேலியத்துக்கு மாற்றாகப் பீட்டாக் கதிர் உமிழும் லுட்டேசியம்-177ஐ இணைத்தால் அது சிகிச்சை மருந்தாகிறது. 2017ஆம் ஆண்டு வெளியான நெட்டர்-1 ஆய்வில் 229 நோயாளிகள் பங்கேற்றனர். 20ஆம் மாதத்தில் நோய் முன்னேறாமல் இருந்தோர் லுட்டேசியம் பெற்றவர்களில் 65.2 விழுக்காடு, கூடுதல் அளவு ஆக்ட்ரியோடைடு மட்டும் பெற்றவர்களில் 10.8 விழுக்காடு.

இச்சிகிச்சையில் விதி கடுமையானது. ஒவ்வொரு தவணைக்கும் முன் நெடுநேர மருந்தை குறைந்தது 4 வாரங்களும், குறுகிய நேர மருந்தை குறைந்தது 24 மணி நேரமும் நிறுத்துமாறு மருந்தின் குறிப்பேடு கூறுகிறது. தவணை முடிந்த பின் நெடுநேர ஊசி மீண்டும் போடப்படுகிறது. படத்துக்கான விதியையும் சிகிச்சைக்கான விதியையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

பிற பெட் படங்கள்

எப்.டி.ஜி. எனப்படும் புளோரின்-18 குளுக்கோசுப் படம் சோமடோஸ்டாடின் ஏற்பியைச் சார்ந்ததன்று. விரைந்து வளரும் கட்டிகள் குளுக்கோசை மிகுதியாக எடுத்துக்கொள்வதால் அவை அதில் ஒளிரும். கி-67 குறியீடு 3 விழுக்காட்டுக்குக் குறைவான முதல் தரக் கட்டிகள் பெரும்பாலும் டோட்டாடேட்டில் நன்கு தெரியும். 20 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மூன்றாம் தரக் கட்டிகள் பலவற்றுக்கு எப்.டி.ஜி. உதவும். டோட்டாடேட்டில் மங்கிய ஒரு கட்டி எப்.டி.ஜி.யில் ஒளிர்ந்தால், அது மருந்தின் விளைவு அன்று. கட்டி தன் ஏற்பிகளை இழந்து வீரியம் மிக்கதாக மாறியதற்கான அறிகுறியாக இருக்கலாம்.

இந்தியாவிலும் தமிழ்நாட்டிலும்

இந்தியாவின் முதல் பெட் கருவி 2002ஆம் ஆண்டு மும்பையிலுள்ள கதிரியக்க மருத்துவ மையத்தில் செயல்படத் தொடங்கியது. இம்மையம் பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தது. லுட்டேசியம்-177, டிராம்பேயிலுள்ள துருவா அணு உலையில் உற்பத்தி செய்யப்படுகிறது. இதன் அரைவாழ்வுக் காலம் சுமார் 6.6 நாட்களாதலால், மும்பையிலிருந்து பிற மாநில மருத்துவமனைகளுக்கு அனுப்ப இயல்கிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி போன்ற சென்னையின் மேற்குப் புறநகர்களில் வாழும் நோயாளி ஒருவர், மாத ஊசியை வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனையிலும், பெட் படத்தை நகருக்குள் அல்லது வேலூரில் உள்ள வேறொரு மையத்திலும் பெற நேரலாம். அவ்வாறாயின் ஊசி போட்டவரிடம் படம் இராது. படத்தை வாசிப்பவரிடம் ஊசியின் தேதி இராது. மேற்கூறிய பிழைகள் நேர்வதற்கு இவ்விடைவெளியே போதும். ஆகவே படத்துக்குச் செல்லும் நோயாளி பின்வருவனவற்றை எழுதி எடுத்துச் செல்வது பயனுடையது:

* மருந்தின் பெயரும் அளவும், எடுத்துக்காட்டாக ஆக்ட்ரியோடைடு 30 மி.கி.
* மருந்து முதன்முதலில் தொடங்கிய மாதமும் ஆண்டும்
* கடைசி ஊசி போடப்பட்ட தேதி
* இடையில் குறுகிய நேர ஊசி போடப்பட்டிருந்தால் அதன் தேதியும் நேரமும்
* முந்தைய பெட் படங்களின் குறுந்தகடுகளும் அறிக்கைகளும்

படத்தின் அறிக்கையிலும் கடைசி ஊசியின் தேதி, கல்லீரல் மற்றும் மண்ணீரலின் எஸ்.யு.வி. மதிப்புகள் ஆகியன குறிக்கப்பட்டிருந்தால், பல மாதங்களுக்குப் பின் வேறொரு மையத்தில் வேறொரு மருத்துவர் அதை ஒப்பிடும்போதும் அளவுகோல் மாறியதா என்பதை அறிய முடியும்.

இவற்றையும் பார்க்க

* அணுக்கரு மருத்துவம்
* அகச்சுரப்பித் தொகுதி
* கணையம்
* அரைவாழ்வுக் காலம்
* பாபா அணு ஆராய்ச்சி மையம்